மதுரைக்கு மேற்கே: நாகமலைக் குகைகளும் கல்வெட்டுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு மேற்கே பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது?

மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், அழகர்கோயில். வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றைப் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களிலும் பலர் தேனி சாலையில் நூறு முறை போய்வந்திருப்பார்கள். கூடவே வரும் நாகமலையை ஒரு முறைகூட ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மலைத்தொடரிலும் அதைச் சுற்றிய குன்றுகளிலும் தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகள் சில இருக்கின்றன. சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கைகள், 9, 10-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் வெட்டிய கல்வெட்டுகள் எல்லாம் இருக்கின்றன. இன்னும் மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்துக்குப் போனால், நூறாண்டுக்கு முந்தைய ஒரு போராட்டத்தின் நினைவிடம் இருக்கிறது.

இவற்றையெல்லாம் நான் ஒரே கயிற்றில் கோத்துப் பார்ப்பதற்குக் காரணம், இங்கே எழுதிவைக்கப்பட்டிருப்பவை பெரும்பாலும் சாதாரண மனிதர்களின் பெயர்கள். படுக்கை வெட்டிக்கொடுத்தவர், கூரை போட்டுக்கொடுத்தவர், திருமேனி செய்வித்த ஒரு தாய். அரசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் ஏமாற்றம்தான். பெயர்களைப் படிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு நாள் போதாது.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எங்கே போகலாம்?

சந்தேகமே வேண்டாம், கீழக்குயில்குடி சமணர் மலை. நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு பக்கங்களில் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

முதலாவது செட்டிப்புடவு, மலையின் தென்மேற்குப் பக்கம். குகையின் வெளிப்புறப் பாறையில் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் அருகர், அமர்ந்திருக்கிறார். ஊரார் அவரைச் செட்டியார் என்றே அழைத்துவந்திருக்கிறார்கள். அவரைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். குனிந்து குகைக்குள் போய்த் தலையை நிமிர்த்திப் பார்த்தால், வளைந்த கூரையை ஒட்டி ஐந்து சிற்பங்கள் வரிசையாக இருக்கும். நடுவில் முக்குடையின் கீழ் மூன்று தீர்த்தங்கரர்கள். ஓர் ஓரத்தில் அமர்ந்த கோலத்தில் ஓர் இயக்கி, தீர்த்தங்கரருக்குத் துணைநிற்கும் பெண் தெய்வம். மற்ற ஓரத்தில் இருப்பவள்தான் என்னை எப்போதும் நிறுத்திவைப்பவள்: சிங்கத்தின் மேல் ஏறி, வில்லும் அம்புமாக, யானைமேல் வரும் வீரன் ஒருவனை எதிர்க்கும் இயக்கி. அமைதியே உருவான தீர்த்தங்கரர்களுக்குப் பக்கத்தில் இப்படிச் சீறிப்பாயும் ஒரு பெண்ணைச் செதுக்கியிருக்கிறார்கள். கொற்றவையை வணங்கிய ஊரில் சமணம் எப்படிக் கலந்து வாழ்ந்தது என்பதற்கு இந்தச் சிற்பத்தைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது பேச்சிப்பள்ளம். அய்யனார் கோயிலின் பின்புறத்திலிருந்து படி ஏறினால் ஒரு சுனை வரும். அதை ஒட்டிய பாறைச் சுவரில் எட்டுச் சிற்பங்கள். தலைக்கு மேல் நாகம் படமெடுத்த பார்சுவநாதரும், கால்களில் கொடி சுற்ற நின்றிருக்கும் பாகுபலியும் பார்த்தவுடன் அடையாளம் தெரிவார்கள். சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு முன்னால் மட்டுமாவது சற்று நேரம் நில்லுங்கள்: “ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.” அச்சணந்தி அந்தக் காலத்தில் தமிழகத்தின் பல குன்றுகளில் தீர்த்தங்கரர் சிற்பங்களைச் செய்வித்த புகழ்பெற்ற துறவி. அவரைப் பெற்ற தாயின் பெயர் குணமதி என்பதை இந்தப் பாறைதான் நமக்குச் சொல்கிறது. மகன் துறவு பூண்டு போய்விட்டான். தாய் தன் பொருளில் ஒரு திருமேனி செய்வித்து, மகன் பெயரையும் தன் பெயரையும் ஒரே வரியில் வெட்டச் சொல்லியிருக்கிறாள்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே ஏறலாமா? அங்கே என்ன இருக்கிறது?

ஏறலாம், முழங்கால் ஒத்துழைத்தால். மேலே ஒரு கட்டடத்தின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதுதான் மாதேவிப் பெரும்பள்ளி. பாண்டிய மன்னன் பராந்தக வீரநாராயணன் (ஆட்சிக்காலம் ஏறத்தாழ 860–905) தன் அரசி வானவன் மாதேவியின் பெயரால் எழுப்பிய சமணப் பள்ளி. பள்ளி என்றால் துறவிகள் தங்கும் இடம் மட்டுமல்ல, மாணாக்கர்கள் இருந்து கற்ற இடமும்கூட. இந்த மலைக் கல்வெட்டுகளில் குறண்டி திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர்களும் மாணாக்கர்களும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். குறண்டி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வந்து போயிருக்கிறார்கள் என்றால், இரண்டு பள்ளிகளுக்கும் இடையே தொடர்ந்து போக்குவரத்து இருந்திருக்க வேண்டும்.

உச்சியில் விளக்குத் தூணுக்குப் பக்கத்தில் கன்னடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மதுரை மலையில் கன்னடம் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. சமணத்துக்குக் கருநாடகம் பெரிய தாய்வீடு. அங்கிருந்து துறவிகள் இங்கே வந்திருக்கிறார்கள்.

சமணர்களைக் கழுவேற்றிய இடம் இதுதானா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. திருஞானசம்பந்தரோடு வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்ற கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு நூல். இப்போது மலைக்கு வாருங்கள். இங்குள்ள சிற்பங்களும் பள்ளியும் 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சம்பந்தர் காலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மதுரையின் வாசலிலேயே சமணப் பள்ளி நடந்திருக்கிறது. பாண்டியனே அதைக் கட்டிக்கொடுத்திருக்கிறான். ஊரார் பொருள் கொடுத்துச் சிலை செய்வித்திருக்கிறார்கள். சமயப் பூசல் இருந்தது என்பதைத் தேவாரப் பாடல்களே சொல்கின்றன. ஆனால் சமணம் ஒரே நாளில் துடைத்தெறியப்பட்டது என்று யாராவது சொன்னால், அவரைப் பேச்சிப்பள்ளத்துக்கு அழைத்துவாருங்கள்.

கதையின் இன்னொரு பாதியையும் பார்க்க விரும்பினால், சோழவந்தான் போகும் வழியில் வைகைக் கரையில் திருவேடகம் இருக்கிறது. சம்பந்தர் இட்ட ஏடு ஆற்றை எதிர்த்து நீந்திக் கரையேறிய இடம் என்று போற்றப்படும் தலம். ஏடகநாதர் கோயிலையும் சமணர் மலையையும் ஒரே நாளில் பார்ப்பது நல்ல யோசனை.

கற்படுக்கைகள் எங்கே இருக்கின்றன? எவை பார்க்கத் தகுந்தவை?

நான்கு இடங்களைச் சொல்கிறேன். நான்கும் சமமானவை அல்ல.

கொங்கர் புளியங்குளம்தான் புதிதாக வருபவர்களுக்கு ஏற்றது. செக்கானூரணிக்கும் திருமங்கலத்துக்கும் இடையில் இருக்கும் ஊர். குன்றில் அடுத்தடுத்துக் குகைத்தளங்கள், ஐம்பதுக்கு மேற்பட்ட படுக்கைகள். கையை மேலே வைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படுக்கையைப் பாருங்கள். ஓர் ஆள் நீளத்துக்குப் பாறையைச் சீவி வழவழப்பாக்கி, தலைமாட்டில் மட்டும் சற்று உயர்த்தி விட்டிருப்பார்கள், அது தலையணை. பிறகு நிமிர்ந்து குகையின் நெற்றியைப் பாருங்கள். நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். மலைமேல் விழும் மழைநீர் உள்ளே ஒழுகாமல் அந்த விளிம்பிலேயே சொட்டிப் போவதற்கு. அந்தக் காடிக்குப் பக்கத்தில் தமிழிக் கல்வெட்டுகள் மூன்று. தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் மிகப் பழைய தமிழ் எழுத்துதான் தமிழி. உபசன் உபறுவன் என்பவன் கூரை வேய்ந்து கொடுத்ததை ஒன்று சொல்கிறது. குகைக்கு முன்னால் தூண் நட்டு ஓலையோ புல்லோ வேய்ந்திருக்கிறார்கள். கூரை மக்கிப் போய்விட்டது. கொடுத்தவன் பெயர் இருக்கிறது. அதே குன்றில் ஒரு தீர்த்தங்கரர் சிற்பமும், “ஸ்ரீ அச்சணந்தி செயல்” என்ற வட்டெழுத்தும் உண்டு. குணமதியார் மகனுடைய வேலைதான் அது. படுக்கைக்கும் சிற்பத்துக்கும் இடையில் ஆயிரம் ஆண்டு அளவுக்கு இடைவெளி.

முத்துப்பட்டி பெருமாள் மலை, சமணர் மலைத் தொடரின் மேற்குக் கோடி. தனித்து நிற்கும் பெரும்பாறையின் கீழ்க் குகைத்தளம். ஊரார் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். இங்குள்ள ஒரு தமிழிக் கல்வெட்டில் “நாகபேரூர்”, “முசிறி கோடன்” என்ற சொற்கள் வருகின்றன. முசிறி சேரநாட்டுத் துறைமுகம், யவனர் மிளகுக்காக வந்த ஊர். கடல் வணிகம் நடந்த அந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒருவருக்கு இந்தக் குகையோடு தொடர்பு இருந்திருக்கிறது. சங்கப் பாட்டில் மட்டுமே முசிறியைப் படித்தவர்கள் இங்கே வந்து அந்தச் சொல்லைப் பாறையில் பார்க்கும்போது முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

விக்கிரமங்கலம் உண்டாங்கல், நாகமலையின் பின்பக்கம். மேலக்கால் வழியாகப் போகலாம். வழி கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டியிருக்கும். குவிரன், செங்குவிரன் போன்ற பெயர்கள் படுக்கைகளிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன.

மேட்டுப்பட்டி சித்தர் மலை, வைகையின் தென்கரையில், அணைப்பட்டிக்குப் பக்கம். இப்போது திண்டுக்கல் மாவட்டம். மேலே சிவன் கோயில் இருப்பதால் ஆள்நடமாட்டம் உண்டு. பத்துத் தமிழிக் கல்வெட்டுகள் உள்ள இடம். அதில் ஒன்றில் மதுரையின் பெயர் “மதிரை” என்று வருகிறது. ஏற்றம் சற்றுக் கடினம், அதிகாலையில் தொடங்குங்கள்.

அந்த எழுத்துகளை என்னால் படிக்க முடியுமா?

வட்டெழுத்தைப் பழகாமல் படிக்க முடியாது. தமிழியை ஒரு வாரம் உட்கார்ந்தால் ஓரளவு கற்றுவிடலாம். பள்ளிப் பிள்ளைகளே படிக்கிறார்கள். இந்தக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய அய்யர் 1924-இல் எடுத்துக்காட்டினார். பிறகு ஐராவதம் மகாதேவன் பல பத்தாண்டுகள் குன்று குன்றாக ஏறிப் படியெடுத்துச் செம்மைப்படுத்தினார். இந்த வட்டாரத்துக் கல்வெட்டுகளுக்கு கி.மு. 2-ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1-ஆம் நூற்றாண்டு வரை காலம் சொல்லப்படுகிறது. அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு.

எழுத்து தெரிய வேண்டும் என்றால் காலையில் அல்லது சாய்வெயிலில் போங்கள். உச்சி வெயிலில் பாறை வெறும் பாறையாகத்தான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது வெட்டுக்குள் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். கைவிளக்கைப் பாறையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலும் போதும். சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தின் மேல் எழுதிப் பார்ப்பது, மாவு தடவுவது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது எதையும் செய்யாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டு வெயிலும் மழையும் செய்யாததைச் சில ஞாயிற்றுக்கிழமைகள் செய்துவிடும். படுக்கைகளின் மேல் பெயிண்டால் காதலர் பெயர் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பெருங்காமநல்லூர் எதற்காக இந்தப் பட்டியலில்?

வரலாறு என்றால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில், சேடப்பட்டிப் பக்கம் உள்ள ஊர் பெருங்காமநல்லூர். பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது ஆங்கில அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தை ஏவியது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர்விட்டு ஊர் போகக் கூடாது. இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். பிறப்பினாலேயே ஒரு சமூகத்தைக் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதிய சட்டம் அது. ரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் மாயக்காள் என்று ஊரார் சொல்கிறார்கள். ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது 1947-இல்தான்.

மதுரைப் பகுதியில் இந்தச் சட்டம் முதலில் பாய்ந்த ஊர்களில் கீழக்குயில்குடியும் ஒன்று. காலையில் சமணர் மலையில் மனிதர்கள் விரும்பிப் பதித்துவைத்த பெயர்களைப் பார்க்கிறோம். மாலையில் விரும்பாமல் பதிய வைக்கப்பட்ட பெயர்களின் ஊருக்கு வருகிறோம். இரண்டையும் பார்க்காமல் இந்த நிலத்தைத் தெரிந்துகொண்டோம் என்று சொல்ல முடியாது.

இது சுற்றுலாத் தலம் அல்ல, இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர். பெரியவர்கள் யாராவது திண்ணையில் இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு, “அய்யா, நினைவுத்தூணைப் பார்க்க வந்தோம்” என்று சொல்லுங்கள். அவர்களே அழைத்துப்போய்ச் சொல்வார்கள். தூணுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு செல்பி எடுக்காதீர்கள்.

எப்படிப் போவது? பஸ் உண்டா?

கீழக்குயில்குடிக்கு நகரப் பேருந்து உண்டு. தேனி, உசிலம்பட்டி பஸ்கள் ஆரப்பாளையத்திலிருந்து புறப்படும். செக்கானூரணியில் இறங்கித் திருமங்கலம் பஸ் பிடித்தால் கொங்கர் புளியங்குளம். உசிலம்பட்டிக்கு ரயிலும் இருக்கிறது. 2022-இல் தேனி வரை அகலப்பாதை திறக்கப்பட்டது. ஆனால் ஒரே நாளில் இரண்டு மூன்று இடம் என்றால் இருசக்கர வாகனமோ வாடகைக் காரோதான் சரிப்படும். உண்டாங்கலும் பெருமாள் மலையும் பஸ்ஸை நம்பிப் போகிற இடங்கள் அல்ல.

ஊருக்குள் போய் “தமிழிக் கல்வெட்டு எங்கே?” என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆடு மேய்ப்பவரிடம், “அண்ணே, பாண்டவர் படுக்கைக்கு எப்படிப் போக வேண்டும்?” என்று கேளுங்கள். கையை நீட்டி வழி காட்டுவார்; பாதி தூரம் கூடவும் வருவார்.

எந்த மாதம் நல்லது? என்ன எடுத்துப் போக வேண்டும்?

கார்த்திகை கடைசியிலிருந்து மாசி வரை. பங்குனி, சித்திரையில் பாறை கொதிக்கும். ஐப்பசி மழையில் பாசி பிடித்து வழுக்கும். குடிநீர், தொப்பி, பிடிப்புள்ள செருப்பு. மேலே கடை எதுவும் இல்லை. பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள். புகை வேண்டவே வேண்டாம். இருட்டும் முன் இறங்கிவிடுங்கள். சோழவந்தான் வழியாகத் திரும்பினால் வெற்றிலை வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை. கொடிக்காலையும் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் இரண்டுக்கும் தாராளமாக. சுனைக்குப் பக்கத்தில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களுக்குப் பத்து வயதுக்கு மேல்.

அரிட்டாபட்டி, மாங்குளம் பற்றி ஏன் சொல்லவில்லை?

அவை மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கம். அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். 2022-இல் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தபோது ஊர் ஊராக மக்கள் திரண்டதும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் பலருக்கும் நினைவிருக்கும். மேற்கே உள்ள குன்றுகளுக்கு அந்த அளவு பெயர் இல்லை. கல்குவாரிகளிலிருந்து சமணர் மலை பிழைத்திருப்பதற்கு, மலையை உடைக்க விடமாட்டோம் என்று நின்ற கீழக்குயில்குடி மக்களும் ஒரு காரணம்.

வழியில் பழைய ஓடு, எழுத்துள்ள கல், காசு ஏதாவது கண்ணில் பட்டால்?

எடுக்காதீர்கள். கறுப்பு சிவப்புப் பானை ஓடு இந்த வட்டாரத்து வயல்களில் மழைக்குப் பிறகு மேலே வருவது உண்டு. கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்குப் பொருள். வீட்டு அலமாரியில் அது வெறும் ஓடு. இடம் தெரியும்படி படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடமோ, தொல்லியல் துறையிடமோ, ஏதாவது கல்லூரி வரலாற்றுத் துறையிடமோ சொல்லுங்கள். புதையலாகக் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். சோழவந்தான் வழியில் உள்ள தேனூரில் 2009-இல் கிடைத்த தங்கக் கட்டிகளில் கோதை என்ற பெயர் தமிழியில் பொறிக்கப்பட்டிருந்தது. அரசிடம் வந்து சேர்ந்ததால்தான் அந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. பட்டறைக்குப் போயிருந்தால் உருக்கி வளையல் ஆக்கியிருப்பார்கள்.